வெற்றிலை பாக்குக்கு வராதவர்கள்

அத்தியாயம் 9

காலை ஆறு மணிக்கே குக்கர் மூன்றாவது விசிலையும் ஊதிவிட்டது.

"இன்னும் ரெண்டு விட்டாத்தான் கொண்டைக்கடலை மசியும்" என்று சமையலறையில் காமாக்ஷி தனக்குத் தானே சொல்லிக்கொள்வது படுக்கையறை வரை கேட்டது. குரலில் ஒரு துள்ளல். மயிலாப்பூருக்குக் குடிவந்த இந்த மூன்றரை மாதத்தில் அனந்தராமன் கேட்டறியாத துள்ளல். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

காரணம், தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வார்த்தை.

முப்பத்தாறு வருஷம் மும்பையில் குப்பை கொட்டிய தம்பதி. முலுண்டில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட ஃப்ளாட். தனியார் கம்பெனி உத்தியோகம், பென்ஷன் கிடையாது. அவர் ரிட்டயர் ஆன பிறகு மும்பைச் செலவு கட்டுப்படியாகவில்லை. "அங்க ரெண்டு மாசத்துக்கு ஆறதுல இங்க மூணு மாசம் ஓட்டலாம், வந்துடுங்கோ" என்று வேளச்சேரியில் இருக்கும் ஒரே பெண் ஸஹானா கூப்பிட்டாள். ஜூன் மாதம் லாரியில் சாமான்களை ஏற்றினார்கள். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், 'பத்மாலயா' என்கிற பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். லிஃப்ட் கிடையாது.

காமாக்ஷி ஒரு நிபந்தனையோடுதான் ரயிலேறினாள். முலுண்ட் வீடு பூட்டியபடியே இருக்கட்டும். விஜயதசமி வரை சென்னையில் இருந்து பார்ப்பாள். மனசு ஒட்டினால் வீட்டை விற்கலாம். ஒட்டாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும், மறுபேச்சு கூடாது. சுவாமி படத்துக்கு முன்னால் நின்று அனந்தராமன் சரி என்றார்.

அப்படிச் சொன்ன மனிதர்தான் செப்டம்பர் முதல் வாரம், "பி.எஃப். பேப்பர்ல ஒரு கையெழுத்து பாக்கி" என்று மும்பைக்குப் போய், வீட்டை விற்றுவிட்டு வந்தார்.

வீடு அவர் ஒருவர் பெயரில் இருந்தது. கம்பெனி லோனில் வாங்கியதால் அப்படி. முன்பணத்துக்கு மட்டும் காமாக்ஷியின் ஆறு வளையல்கள் போயின. அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

* * *

ஒன்பது மணிக்கு அவர் பையைத் தூக்கிக்கொண்டு மாட வீதிக்குக் கிளம்பினார். படி இறங்கும்போதே ஸஹானாவின் ஃபோன் வந்துவிட்டது.

"அப்பா, சொல்லிட்டியா?"

"இன்னிக்கு நவராத்திரி வெள்ளிக்கிழமைம்மா. உங்கம்மா வெத்திலை பாக்கு குடுக்கற நாள். இன்னிக்குப் போய்..."

"போன வாரம் அமாவாசைன்ன. அதுக்கு முன்னாடி மஹாளயம்ன. பொய் சொன்னவா உண்மையை ஒத்துக்கறதுக்குன்னு பஞ்சாங்கத்துல தனியா நாள் போட்டிருக்கா என்ன?"

"மெதுவாப் பேசுடி."

"எனக்கு அம்மா முகத்தைப் பாக்க முடியலைப்பா. நீ எங்கிட்ட சொல்லியே இருக்கக் கூடாது. ஆஃபீஸ்லேர்ந்து சீக்கிரம் கிளம்பி வரேன். நீ சொல்லலைன்னா இன்னிக்கு நானே சொல்லிடுவேன்."

வைத்துவிட்டாள்.

கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு அவர் நடந்தார். தூறல் போடலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. குளத்துப் படிகளில் புறாக்கள். எதிரே காப்பிக்கடையிலிருந்து டிகாஷன் வாசனை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இந்த ஊர் அவருக்கு வந்த மூன்றாம் நாளே பிடித்துப் போயிற்று. காய்கறி, கோயில், லைப்ரரி, டாக்டர், ஓசிக் கச்சேரி எல்லாமே நடந்து போகிற தூரம். தி.நகருக்கு இருபது நிமிஷம் பஸ். முப்பத்தாறு வருஷமாக லோக்கல் ரயிலின் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கைக்கு இங்கே வேலையே இல்லை. திரும்பவும் அந்தப் பிளாட்ஃபாரத்தில் போய் நிற்க அவருக்கு மனசே இல்லை.

அதனால்தான் விற்றார். வாங்க வந்தவன் மொத்தப் பணமும் ரெடி என்றான், அக்டோபர் வரை காத்திருக்க மாட்டேன் என்றான். புரோக்கர் அவசரப்படுத்தினான். எல்லாம் சரி. ஆனால் நிஜமான காரணம் பயம். விஜயதசமியன்று காமாக்ஷி "திரும்பிப் போலாம்" என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம். சொல்ல முடியாதபடி செய்துவிட்டார். வேலை முடிந்த அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னா சாமி, முப்பது மொழமா? வூட்டுல எதுனா கல்யாணமா?" என்றாள் பூக்கார அம்மாள்.

"கொலும்மா. வெத்திலை பாக்குக்கு முப்பது பேர் வரா."

"பாம்பேலேர்ந்து புச்சா வந்தவங்கதான நீங்க? பரவால்லியே! நாலு மாசத்துல முப்பது பேரப் புடிச்சிட்டீங்க. நான் இருவது வருசமா இங்கியே குந்திகினு கீறேன், எனக்கு ஆத்திர அவசரத்துக்கு மூணு பேரு கெடையாது" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே முழம் போட்டாள்.

அனந்தராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது பேர் வரவேண்டுமே என்று கபாலியை வேண்டிக்கொண்டார். வந்தால் காமாக்ஷி மனசு குளிரும். குளிர்ந்தால் தானாகவே "இங்கேயே இருந்துடலாம்" என்பாள். அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். விற்ற தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொல்லிப் பூசி மெழுகிவிடலாம்.

ஒரு மனிதர் இத்தனை வயசுக்கு மேல் பொய் சொல்லக் கற்றுக்கொண்டால் இப்படித்தான்.

* * *

முப்பது பேர் என்கிற கணக்கு காமாக்ஷியினுடையது.

முலுண்ட் சொசைட்டியில் கொலு வைக்கிற ஒரே வீடு அவர்கள் வீடுதான். மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்தான் அக்கம்பக்கம். சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில், 'வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் வரவும்' என்று ஒரு வரி போடுவாள். அவ்வளவுதான். அன்றைக்கு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. சுண்டல் கேட்டு இரண்டாம் தடவை வருகிற பெண்களும் உண்டு.

அதையேதான் இங்கேயும் செய்தாள். திங்கட்கிழமை இரவு கொலுப்படியை ஃபோட்டோ எடுத்து, பத்மாலயா குரூப்பில் போட்டு, 'வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நம் வீட்டுக்கு அனைவரும் வெற்றிலை பாக்குக்கு வரவும். காமாக்ஷி, இரண்டாவது மாடி' என்று தமிழிலேயே எழுதினாள். எட்டுப் பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். இரண்டு பேர் பூப்போட்டார்கள். சங்கச் செயலாளர் சுயம்புலிங்கம் மட்டும், 'நன்றி. நாளை காலை தண்ணீர் லாரி வரும்' என்று எழுதியிருந்தார்.

"பத்து ஆத்துல வரேன்னுட்டா! ஆத்துக்கு ரெண்டு பேர், குழந்தைகள் வேற" என்று அவள் அன்றைக்கே கடலை வாங்க லிஸ்ட் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து நைட்டியும் பழைய காட்டன் புடவையுமாகவே வளைய வந்தவள். பஜனை மண்டலி இல்லை, லேடீஸ் கம்பார்ட்மெண்ட் சிநேகிதிகள் இல்லை, எதிர் வீட்டு சுலபா இல்லை. ஜூலை மாதம் ஒருநாள் பகல் மூன்று மணிக்கு, "ஏன்னா, இன்னிக்கு நான் உங்களைத் தவிர யாரோடயும் ஒரு வார்த்தை பேசலை தெரியுமோ" என்றாள். குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அவருக்கு அது இன்னும் மறக்கவில்லை.

"நன்னா இருக்கு காமு" என்றார்.

ஏழு படி. மேலே கலசம். மும்பையிலிருந்து பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்த பொம்மைகள். மூன்றாவது படியில் இந்த வருஷத்துப் புதுப் பொம்மை, திங்கட்கிழமை சாயங்காலம் வடக்கு மாட வீதியில் அவள் போய் பேரம் பேசி வாங்கி வந்த தசாவதார செட். ஓரத்தில் முப்பது பைகள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி.

ஐந்து அடித்தது. ஐந்தரை ஆயிற்று.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. கீழே யாரோ பேசிக்கொண்டே படியேறி வரும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம், பட்டுப் புடவையின் சரசரப்பு. காமாக்ஷி குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். காலடிகள் இரண்டாவது மாடி வந்தன. திறந்த கதவைத் தாண்டி மூன்று பட்டுப் புடவைகள் மேலே ஏறிப் போயின. ஒருத்தி மட்டும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணாவது மாடிக்கு முதல்ல போறா போலருக்கு. இறங்கி வரச்சே வருவா" என்றாள் காமாக்ஷி.

"ஆமாமா. மேலேர்ந்து ஆரம்பிச்சா முட்டிக்கு நல்லது" என்றார் அவர்.

ஆறு மணி ஆயிற்று. மேல் மாடியில் யாரோ பாடினார்கள். கூட்டமாகச் சிரித்தார்கள். சுண்டல் ஆறிப்போய்த் தேங்காய்த் துருவல் வறண்டது. காமாக்ஷி பைகளை ஒருதரம் எடுத்து மறுபடி அடுக்கினாள். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கிட்ட ஏதாவது தப்பு இருக்கான்னா?" என்றாள் கடைசியில்.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கற்பூரம் தீந்துடுத்து, வாங்கிண்டு வரேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். கற்பூரம் ஒரு டப்பா நிறைய இருந்தது.

* * *

முதல் மாடித் திருப்பத்தில் அந்த மூன்று பேரும் மேலேயிருந்து இறங்கி வந்து அவரைப் பிடித்தார்கள், அல்லது அவர் அவர்களைப் பிடித்தார். முன்னால் வந்தவள் கீழ்த் தள வீட்டுப் பத்மாசனி மாமி. எழுபது வயசு, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், பத்மாலயாவில் நல்லது கெட்டது எதுவும் அவளைக் கேட்காமல் நடக்காது.

"மாமி, நம்மாத்துக்கு வராம போறேளே" என்றார். குரல் அவருக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"உங்காத்து மாமி எங்களைக் கூப்பிடலையே."

"குரூப்ல போட்டாளே..."

"அந்த குரூப் தண்ணி லாரி வரதைச் சொல்றதுக்கு, மாமா. அதுல போட்டா வெத்திலை பாக்குக்கு வருவாளா? சிமிழை எடுத்துண்டு வந்து, நெத்திக்கு இட்டு, எங்காத்துக்கு வாங்கோன்னு வாய் வார்த்தையா சொல்லணும். பம்பாய்ல எப்படியோ, எனக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரியலை மாமி. அங்க யாரும்..."

"சரி, அதாவது போகட்டும். நாங்க திங்கக்கிழமையே உங்காத்துக்கு வந்தோமே. நானும் இவளும். நீங்கதானே கதவைத் திறந்தேள்? மாமி பொம்மை வாங்கப் போயிருக்கான்னேள். வந்ததும் சொல்லுங்கோ, எங்க மூணு பேர் ஆத்துக்கும் வரணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஃபோனைக் காதுல வெச்சிண்டு தலையைத் தலையை ஆட்டினேள். அப்புறம் கதவைச் சாத்திட்டேள். நாலு நாளா எதிர்பாத்தோம். எட்டிக்கூடப் பாக்கலை. பம்பாய்க்காரா, நம்மோட ஒட்ட இஷ்டமில்லை போலருக்குன்னு விட்டுட்டோம்."

அனந்தராமனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

திங்கட்கிழமை. ஃபோன். மறுமுனையில் மும்பை புரோக்கர். "நவராத்திரி நல்ல நாள், வீடு வாங்கினவங்க தசராவன்னிக்குக் குடிவந்துடுவாங்க" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவரை விஷயம் வெளியே தெரியாது, தசரா வரை கெடு இருக்கிறது என்று இவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் நின்றவர்கள் சொன்ன ஒரு சொல்லும் தலைக்குள் போகவில்லை. அவர்கள் எங்கே ஃபோனில் பேசுவதைக் கேட்டுவிடுவார்களோ என்றுதான் கதவைச் சாத்தினார். அப்படிச் சாத்தியதில் காமாக்ஷிக்கு இந்த ஊரே சாத்திக்கொண்டுவிட்டது.

"மாமி, தப்பு என் பேர்லதான். மறந்தே போயிட்டேன். இப்ப நான் கூப்பிடறேன், தயவு பண்ணி வாங்கோ."

பின்னால் நின்ற இளையவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பத்மாசனி மாமிக்கும் சிரிப்பு முட்டியது. "நீங்க கூப்பிட்டா எங்காத்து மாமாதான் வருவார். போய் மாமிகிட்ட விஷயத்தைச் சொல்லுங்கோ. அவ வந்து கூப்பிடட்டும், இன்னிக்கே வரேன். புதுசா வந்தவளை அழ விடுவேனா?"

* * *

அவர் மேலே வந்தபோது ஸஹானா வந்திருந்தாள். திருமயிலை ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்ததில் நனைந்த தலையோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது.

அவர் பாதியை மட்டும் சொன்னார். திங்கட்கிழமை அவர்கள் வந்ததை, சொல்ல மறந்ததை.

"மறந்துட்டேளா? அப்படி என்ன வேலையா இருந்தேள்?" என்றாள் காமாக்ஷி.

"பேங்க்லேர்ந்து ஃபோன். ஏதோ கே.ஒய்.சி.ன்னு..."

கோபிப்பாள் என்று நினைத்தார். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ அவா வந்தாளா! முதல் நாளே வந்தாளா! நான் என்னடான்னா, இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கலைன்னு அஞ்சு நாளா... ஏண்டி ஸஹானா, சிமிழை எடு. வா, போய்க் கூப்பிட்டுட்டு வந்துடலாம்."

ஸஹானா எழுந்தாள். அப்பாவைக் கடக்கும்போது, "பேங்க்காப்பா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். பத்மாசனி மாமி ஜமக்காளத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, "பாடுவியாமே, உன் பொண்ணு சொன்னா" என்றாள். காமாக்ஷி ஒரு மராத்தி அபங்கம் பாடினாள். வார்த்தை புரியாவிட்டாலும் நாலு பேரும் தாளம் போட்டார்கள். "அடேயப்பா, குரலை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த இத்தனை நாளா? நாளைக்குக் காலம்பற அஞ்சரைக்குக் கோயிலுக்குப் போறோம், ரெடியா இரு" என்றாள் மாமி. கேட்கவில்லை, உத்தரவு போட்டாள். அதில்தான் காமாக்ஷியின் முகம் அப்படி மலர்ந்தது.

சுண்டலை மறுபடி சூடு பண்ண சமையலறைக்கு வந்தவள், தொன்னை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அனந்தராமனின் கையைப் பிடித்தாள்.

"ஏன்னா, விஜயதசமி வரைக்கும் எதுக்கு? நான் இப்பவே சொல்லிடறேன். இங்கேயே இருந்துடலாம். முலுண்ட் வீட்டை நீங்க குடுக்கறதானா குடுத்துடுங்கோ."

அவரால் நம்ப முடியவில்லை. கேட்டு வேண்டிக்கொண்ட வார்த்தை கையில் வந்து விழுந்திருந்தது.

"ஆனா ஒண்ணே ஒண்ணு. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் என்னைக் கூட்டிண்டு போங்கோ. நானே பெருக்கி, கோலம் போட்டு, ஒரு விளக்கேத்தி வெச்சுட்டு, என் கையால சாவியைக் குடுக்கணும். சோறு போட்ட வீடு இல்லையா? சரின்னு சொல்லுங்கோ."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். கூடத்தில் சிரிப்புச் சத்தம், அவள் கண்ணில் அடுப்பு வெளிச்சம்.

"சரி" என்றார்.

* * *

"அம்மா, சுலபா ஆன்ட்டி வீடியோ கால்ல வரா" என்று கூடத்திலிருந்து ஸஹானா குரல் கொடுத்தாள். குரல் சரியாக இல்லை.

"கொலு பாக்கணும்னு கூப்பிடுவா. வருஷா வருஷம் முதல் சுண்டல் அவளுக்குத்தான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு காமாக்ஷி ஓடினாள். முலுண்டில் இருபத்தெட்டு வருஷமாக எதிர் வீடு சுலபா. ஸஹானாவிடமிருந்து ஃபோனை வாங்கிக் கொலுப் பக்கம் திருப்பினாள். "இதோ பார் சுலபா, இந்த வருஷம் தசாவதாரம்" என்று இந்தியில் ஆரம்பித்தாள்.

"கொலுவை அப்புறம் காட்டு. முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள் சுலபா. இந்திதான், ஆனால் அழுத குரல். "நாசிக்ல பொண்ணு வீட்டுலேர்ந்து இன்னிக்குத்தான் வந்தேன். எதிர்ல பார்க்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

திரை ஆடியது. சுலபா நடக்கிறாள். நடையைத் தாண்டி எதிர்ப் பக்கம் ஃபோனைத் திருப்பினாள்.

காமாக்ஷியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே லைட் எரிந்தது. வாசலில் யார் யாருடையதோ செருப்புகள். கூடத்தில் சிமெண்ட் மூட்டை. உள்ளே இரண்டு ஆட்கள் சுத்தியலால் சமையல் மேடையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கல் இரண்டாகப் பிளந்து கீழே கிடந்தது.

தசராவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வாங்கினவர்கள் அதுவரை பொறுக்கவில்லை.

பத்மாசனி மாமிக்கு இந்தி தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "யாராத்துலயோ வேலை நடக்கறது போலருக்கு" என்றாள்.

"ஆமாம் மாமி" என்றாள் காமாக்ஷி.

பிறகு ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தாள். "சொல்ல நேரமே இல்லை சுலபா. எல்லாம் அவசரத்துல நடந்துடுத்து. என்னை மன்னிச்சுடு. அப்புறம் பேசறேன்" என்று சொல்லி அணைத்தாள்.

அனந்தராமன் சமையலறை வாசலில் தொன்னையோடு நின்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தொன்னைகளை வாங்கி நாலு பேருக்கும் சுண்டல் கொடுத்தாள். நாலு பேருக்கும் குங்குமம் இட்டாள். நாலு பைகளை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். பெரியவளான மாமியை நமஸ்காரம் பண்ணினாள். வாசல் வரை வந்து, அவர்கள் படியிறங்கும்வரை நின்றாள். அத்தனையும் குறைவில்லாமல் செய்தாள்.

திரும்பி வந்து கொலுவுக்கு முன்னால் நின்றாள்.

"சாவியை என்னிக்குக் குடுத்தேள்?"

"காமு..."

"என்னிக்கு?"

"செப்டம்பர் ஆறாம் தேதி."

"அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல கேட்டேன், எங்க படுத்துண்டிருக்கேள்னு. நம்மாத்துலதான், ஜன்னல் பக்கமா, காத்து நன்னா வரதுன்னேள்."

அன்றைக்கு அவர் படுத்திருந்தது தாதரில் ஒரு லாட்ஜில்.

"திங்கக்கிழமை வந்தது பேங்க் ஃபோன் இல்லை" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னாடி நானே சம்மதம் குடுத்தேனே. என் வாயால குடுத்தேனே. கேட்டுண்டு, சரின்னேளே."

"நான் சொல்லணும்னுதான் காமு, தினம் தினம்..."

அவள் அவரை விட்டுவிட்டுப் பெண்ணிடம் திரும்பினாள். "ஸஹானா, உனக்குத் தெரியுமா?"

ஸஹானா முந்தானையைப் பிடிக்கிற குழந்தை மாதிரி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காமாக்ஷி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அழாதே. ஏழரை மணிக்குமேல ட்ரெயின்ல கூட்டமா இருக்கும், நீ கிளம்பு" என்றாள். பிறகு அனந்தராமனிடம் சொன்னாள். "கொலு வெச்ச ஆத்தைப் பூட்டிண்டு போகக் கூடாது. தினம் விளக்கேத்தணும், ஏதாவது நைவேத்யம் பண்ணணும். அதனால வியாழக்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன். உங்களுக்கும் சமைச்சுப் போடறேன். விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வெச்சதும் நான் கிளம்பிடுவேன்."

"எங்கே காமு?"

"அங்க எனக்கு வீடு இல்லை. இது வாடகை வீடு. பொண்ணாத்துக்கும் வர மாட்டேன், அவளும்தான் மறைச்சிருக்கா. எங்கேன்னு எனக்கே இன்னும் தெரியலை. தெரிஞ்சதுக்கப்புறமும் உங்ககிட்ட சொல்லப் போறதில்லை."



வாசல் மணி அடித்தது. மாமி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், மூன்றாவது மாடியிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் ஐந்தாறு பெண்கள் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். காமாக்ஷி முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ. நம்மாத்து கொலுதானே, நன்னா உக்காந்து பாருங்கோ" என்றாள்.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அனந்தராமனுக்கு அதுதான் பயமாக இருந்தது.